ஏ6400-ஐக் கடலுக்குள் கொண்டுபோக ஹவுசிங் வாங்கலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் சோனி ஏ6400 இருக்கிறது, கூடவே வந்த 16-50 கிட் லென்ஸும் இருக்கிறது. ஜனவரியில் சென்னையிலிருந்து அந்தமான் போய், ஹேவ்லாக் தீவில் ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்ப டைவிங் கோர்ஸ் முடித்து, மேலும் சில நாள் தங்கி டைவ் போகத் திட்டம். இந்தக் கேமராவுக்கு ஹவுசிங், அதாவது தண்ணீர் புகாத கெட்டிப் பெட்டி, வாங்கலாமா, எந்தக் கம்பெனி, எத்தனை மீட்டர் தாங்குவதாக இருக்க வேண்டும், ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் பையே போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். கடலில் 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும், பைக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கிவிடும். பை கேமராவோடு ஒட்டிக்கொண்டு லென்ஸுக்கு முன்னால் மடிப்பு விழும். அமுக்காமலே பட்டன்கள் அமுங்கும். மழைக்கும் நீச்சல் குளத்துக்கும் படகில் தெறிக்கும் தண்ணீருக்கும் பை சரி. டைவுக்கு வேண்டாம்.

அடுத்து ஆழம். புதிதாக வாங்குகிறவர்கள் எல்லோரும் இதில்தான் கண் வைக்கிறார்கள், ஆனால் இது அவ்வளவு முக்கியமில்லை. ஓப்பன் வாட்டர் முடித்தவர் 18 மீட்டர் வரை போகலாம், அட்வான்ஸ்டு முடித்தவர் 30 வரை. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீட்டர்தான். ஹேவ்லாக்கில் டிக்சன்ஸ் பினாக்கிள், ஜானிஸ் கார்ஜ் மாதிரி இடங்கள் 30 மீட்டரை ஒட்டிப் போகும். அங்கே உங்களைக் கூட்டிப்போக இன்னும் கொஞ்சம் அனுபவம் கேட்பார்கள். சீஃப்ராக்ஸ் கம்பெனியின் பாலிகார்பனேட் (கெட்டிப் பிளாஸ்டிக்) ஹவுசிங் குறைந்தது 40 மீட்டர் தாங்கும், ஐக்லைட் கம்பெனியுடையது 60, நாட்டிகாமின் அலுமினிய ஹவுசிங் 100. மூன்றுமே நீங்கள் போகப்போகும் ஆழத்துக்குத் தாராளம். அதிகப் பணம் கொடுத்தால் கிடைப்பது வேறு: கையுறையோடும் தடவிக் கண்டுபிடிக்கக்கூடிய லீவர்கள், வேண்டிய லென்ஸுக்கெல்லாம் தனித்தனி போர்ட் (லென்ஸுக்கு முன்னால் வரும் கண்ணாடி), லீக் ஆனால் எச்சரிக்கும் விளக்கு, பத்து வருஷம் கழித்தும் கிடைக்கிற உதிரி பாகம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஹவுசிங்கின் பின்கதவு 15 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். 30 மீட்டரில் உள்ளே இருப்பதைவிட வெளியே 3 வளிமண்டல அழுத்தம் கூடுதல், அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 3 கிலோ. அப்படியென்றால் அந்தக் கதவை 450 கிலோ உள்நோக்கி அமுக்கிக்கொண்டிருக்கிறது. கதவு நன்றாக உட்கார்ந்திருந்தால் ஓ-ரிங், அதாவது கதவைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையம், ஆழத்தில் இன்னும் இறுக்கமாகத்தான் அடைக்கும். தண்ணீர் புகுவது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மீட்டரிலும், படகுக்குப் பக்கத்தில் மிதக்கும்போதும், கழுவுகிற தொட்டியிலும்தான். அங்கே கதவை அமுக்க ஒன்றுமில்லை, ரிங்கில் இருக்கும் ஒரு முடி போதும். ஆகவே 40 மீட்டரா 100 மீட்டரா என்ற கவலையை விட்டு, பணத்தை வேறு இரண்டில் போடுங்கள்: முன்னால் இருக்கும் கண்ணாடி, பக்கத்தில் இருக்கும் விளக்கு. தண்ணீரை வெளியே நிறுத்தும் வேலையை எல்லாப் பெட்டியும் செய்யும். படம் எப்படி வரும் என்பது இந்த இரண்டில்தான் இருக்கிறது.

கண்ணாடியை, அதாவது போர்ட்டை, முதலில் பார்ப்போம். உங்கள் லென்ஸின் 16 மி.மீ. முனையில் மூலைக்கு மூலை 83 டிகிரி தெரியும். தட்டையான கண்ணாடிக்குப் பின்னால் வைத்துத் தண்ணீருக்குள் இறக்கினால் அது சுமார் 60 டிகிரியாகச் சுருங்கிவிடும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால் வரும் வினை இது. பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், மூலைகளில் நிறம் பிரியும், கோடுகள் வளையும். பவளத்திட்டு முழுவதையும், அதன்மேல் நீந்தும் நண்பரையும் ஒரே படத்தில் அடக்கலாம் என்று நினைத்திருந்தால் ஃபிளாட் போர்ட் ஏமாற்றும். சின்ன மீன், நண்டு, நூடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை) என்று எடுப்பதற்கு அதே குறை வரமாகிவிடுகிறது, ஏனென்றால் கொஞ்சம் ஜூம் இலவசமாகக் கிடைக்கிறது.

அரைக்கோளம் போல வெளியே வளைந்த டோம் போர்ட் இழந்த கோணத்தைத் திருப்பித் தரும். ஆனால் அதற்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. டோமுக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ் பார்ப்பது நிஜக் காட்சியை இல்லை, டோமுக்குச் சற்று முன்னால் உருவாகும் மாயப் பிம்பத்தை. எத்தனை தூரத்தில் இருக்கும் பொருளானாலும் அந்தப் பிம்பம் டோமின் ஆரத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு தூரத்துக்குள் வந்துவிடும். 10 செ.மீ. ஆரமுள்ள டோம் என்றால் சுமார் 30 செ.மீ. அவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் பிடிக்காத லென்ஸை டோமுக்குப் பின்னால் வைத்துப் பயனில்லை. அந்தப் பிம்பம் வளைந்தும் இருப்பதால் மூலைகள் மங்கலாகும். அதனால்தான் டோமோடு எடுப்பவர்கள் லென்ஸின் துளையை எஃப்8-ஐவிட அகலமாகத் திறக்கத் தயங்குகிறார்கள். சோனி 10-18 எஃப்4 மாதிரி ஒரு வைடு லென்ஸ் கையில் இல்லாமல், கிட் லென்ஸுக்காக மட்டும் பெரிய டோம் வாங்குவது காசுக்குக் கேடு.

டோம் வைத்துப் பாதி தண்ணீரிலும் பாதி மேலே தென்னை மரமுமாக எடுக்கும் படங்களைப் பார்த்துத்தான் பாதிப்பேர் டோம் கேட்கிறார்கள். அழகான படம்தான். ஊருக்கு ஒன்று எடுத்தால் போதும்.

இப்போது விளக்கு. சிவப்பு நிறம் முதல் ஐந்து மீட்டரிலேயே பெரும்பகுதி போய்விடும், பிறகு ஆரஞ்சு, அதன் பிறகு மஞ்சள். 20 மீட்டரில் கையில் கீறல் விழுந்தால் ரத்தம் பச்சையாகத்தான் தெரியும். ஆழத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. நீங்கள் மூன்று மீட்டர் ஆழத்தில் இருந்து, மீன் இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால் ஒளி வரும் வழி மொத்தம் ஐந்து மீட்டர் என்று ஆகிவிடும். ராவ் ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) எடுத்து, ஒயிட் பேலன்ஸைப் பிறகு சரிசெய்தால் 7, 8 மீட்டர் வரை சமாளிக்கலாம். அதற்குக் கீழே இல்லாத சிவப்பை எந்த மென்பொருளும் கொண்டுவராது, படத்தில் புள்ளிப்புள்ளியாக நாய்ஸ்தான் ஏறும். வீடியோ என்றால் சிவப்பு ஃபில்டர் கொஞ்ச ஆழம் வரை கைகொடுக்கும், படத்துக்கு ஸ்ட்ரோப்தான், அதாவது ஹவுசிங்குக்கு வெளியே மாட்டும் நீருக்கடி ஃபிளாஷ்.

ஏ6400-ல் இருக்கும் குட்டி ஃபிளாஷ் நேராக வேலைக்கு ஆகாது. லென்ஸுக்கு மேலேயே இருப்பதால் போர்ட்டின் நிழல் விழும், தண்ணீரில் மிதக்கும் துகள் எல்லாம் பளிச்சென்று பனி பெய்வது போல் தெரியும். அந்தக் குட்டி ஃபிளாஷை ஃபைபர் கேபிள் வழியாக வெளியே இருக்கும் ஸ்ட்ரோப்பைத் தூண்ட மட்டும் பயன்படுத்த வேண்டும். ஸ்ட்ரோப்பை நீண்ட கையில் மாட்டி, கேமராவுக்குப் பக்கவாட்டில் தள்ளி, நேராக மீனைப் பார்க்காமல் சற்று வெளிப்புறமாகத் திருப்புங்கள். ஒளியின் ஓரம் மட்டும் மீன்மேல் பட்டால் போதும். லென்ஸுக்கும் மீனுக்கும் இடையே இருக்கும் தண்ணீர் இருட்டாக இருந்தால் துகளும் தெரியாது. எவ்வளவு பெரிய ஸ்ட்ரோப்பாக இருந்தாலும் ஒரு மீட்டர், மிஞ்சிப்போனால் ஒன்றரை மீட்டர் வரைதான் நிறம் கிடைக்கும். ஆமை ஐந்து மீட்டர் தள்ளிப் போகிறது என்றால் கேமராவை இறக்கிவிட்டுக் கண்ணால் பாருங்கள்.

ஆகவே என் பரிந்துரை: ஏ6400-ஐத்தான் இறக்க வேண்டும் என்று இருந்தால் சீஃப்ராக்ஸின் சால்டட் லைன் ஹவுசிங், ஃபிளாட் போர்ட், ஒரே ஒரு நல்ல ஸ்ட்ரோப், பெட்டிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்ப். ஹவுசிங்கில் மிச்சமாகும் பணத்தை ஸ்ட்ரோப்பில் போடுங்கள். போர்ட்டில் 67 மி.மீ. திரெட் (திருகு மரை) இருந்தால் பின்னாளில் ஒரு க்ளோஸப் லென்ஸைத் தண்ணீருக்குள்ளேயே மாட்டிக்கழற்றலாம். கிட் லென்ஸின் ஜூமைத் திருக கியர் தனியாக வாங்க வேண்டுமா என்பதைப் பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். நாட்டிகாம் பக்கம் போனால் ஹவுசிங் விலையே கேமரா விலையைத் தாண்டிவிடும், போர்ட் தனிக்கணக்கு. இன்னொன்று: ஹவுசிங் ஒரு கேமரா மாடலுக்கோ, ஒரே அளவுள்ள மாடல் வரிசைக்கோ என்று அச்சு வார்த்தது. இரண்டு வருஷத்தில் வேறு வகைக் கேமராவுக்கு மாறுகிற ஆளாக இருந்தால் பெட்டி பரணுக்குத்தான் போகும்.

கேமராமேல் தனிப் பிடிவாதம் இல்லையென்றால் ஒலிம்பஸ் டிஜி-6 என்ற சின்னக் கேமரா, அல்லது 2023-ல் அதற்கு அடுத்து வந்த டிஜி-7. அது பெட்டி இல்லாமலே 15 மீட்டர் போகும், பிடி-059 ஹவுசிங் போட்டால் 45 மீட்டர். ஹவுசிங்கில் லீக் ஆனாலும் உள்ளே இருப்பது நீர் புகாத கேமரா என்பதே பெரிய நிம்மதி. லென்ஸுக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் இருப்பதையும் எடுக்கும், ராவும் உண்டு. சென்சார் சின்னதுதான், ஆனால் புதிதாக டைவ் கற்கிறவர் கையில் நன்றாக எடுபடும் கேமரா இதுதான் என்பது என் கருத்து. கோப்ரோ எல்லாம் வீடியோவுக்கு, அது வேறு கதை.

வாங்கியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கேமராவை உள்ளே வைக்கும் முன் மெனுவில் இரண்டு மாற்றம் செய்யுங்கள், இல்லையென்றால் ஹவுசிங் பழுது என்று நினைத்துவிடுவீர்கள். ஏ6400-ன் வியூஃபைண்டர் பக்கத்தில் கண் வந்தால் உணரும் சென்சார் இருக்கிறது. ஹவுசிங்கின் பின்சுவரை அது கண் என்று எடுத்துக்கொண்டு திரையை அணைத்துவிடும். ஃபைண்டர்/மானிட்டர் என்ற இடத்தில் மானிட்டர் மட்டும் என்று வையுங்கள். இரண்டாவது, லைவ் வியூ டிஸ்பிளேயில் செட்டிங் எஃபெக்ட்டை ஆஃப் செய்யுங்கள். ஸ்ட்ரோப்புக்காக எஃப்11, 1/160 என்று மேனுவலில் வைத்தால், ஆன் நிலையில் திரை கறுப்பாகவே இருக்கும், மீன் எங்கே என்றே தெரியாது.

ஓ-ரிங்குக்கு வருவோம். தண்ணீரைத் தடுப்பது ரப்பர், கிரீஸ் இல்லை. கிரீஸ் ரிங் வழுக்கி உட்காரவும் முறுக்காமல் இருக்கவும் மட்டும்தான். ரிங்கை ஒரு பக்கம் விரலால் ஒதுக்கி வளையம் எழும்பச் செய்து பிடித்து எடுங்கள். குண்டூசி, கத்தி முனை எதுவும் வேண்டாம், பள்ளத்தில் கீறல் விழுந்தால் அந்தக் கதவு அவ்வளவுதான். பள்ளத்தைப் பஞ்சு விடாத துணியால் துடையுங்கள். பயறு அளவு கிரீஸை விரல் நுனிகளில் தேய்த்து, ரிங்கை அதன் நடுவே இழுக்காமல் ஓட விடுங்கள். ரிங் மினுமினுக்க வேண்டும், வெள்ளையாகத் திரள் தெரிந்தால் அதிகம், அது மணலைத்தான் பிடித்து வைக்கும். கம்பெனி கொடுத்த கிரீஸையே பயன்படுத்துங்கள். சிலிக்கான் ரப்பரில் செய்த ரிங் சில சிலிக்கான் கிரீஸ் பட்டால் ஊதிப்போகும், வாசலின் பக்கம் போகவே வேண்டாம். ஓட விடும்போது கண்ணை மூடிக்கொண்டால் நல்லது, கண்ணுக்குத் தப்பும் மணல் விரலுக்குத் தப்பாது.

தெளிவான பாலிகார்பனேட் கதவுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பூட்டிய பிறகு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் கதவைச் சுற்றிப் பாருங்கள். அமுங்கிய ரிங் கண்ணாடிக்குப் பின்னால் ஒரே அகலத்தில் கரும்பட்டையாக ஓடும். எங்காவது அந்தப் பட்டை மெலிந்தோ, ஊசி போல ஒரு வெள்ளைக் கோடு குறுக்கே வந்தோ இருந்தால் அங்கே முடி, நூல், அல்லது சிலிக்கா ஜெல் பையின் ஓரம் மாட்டியிருக்கிறது. திறந்து மறுபடி முதலிலிருந்து.

இதெல்லாம் முந்தின நாள் ராத்திரி, ஏசி அறையில், தலையைத் துவட்டிய பிறகு. ஏசி அறை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கடற்கரைக் காற்றை உள்ளே அடைத்தால் அதிலிருக்கும் ஈரம், கேமரா சூடாகி வெளியே தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது போர்ட்டின் உட்புறம் மூடுபனியாகப் படியும். வறண்ட காற்றை அடைத்து, சிலிக்கா ஜெல் ஒன்றும் போட்டுவிட்டால் அந்தப் பிரச்சினை அநேகமாக இல்லை. படகில் வெயிலில் காய விடாதீர்கள், ஈரத்துண்டு போட்டு மூடுங்கள். இரண்டு டைவுக்கும் நடுவில் திறக்காதீர்கள். ஏ6400-ன் பேட்டரி சின்னது, கணக்கு 410 படம், ஸ்ட்ரோப்பைத் தூண்டக் குட்டி ஃபிளாஷும் அதிலிருந்தே தின்னும். ஆனாலும் தேவையில்லாமல் திரை எரியாமல் பார்த்துக்கொண்டால் காலை இரண்டு டைவுக்குத் தாங்கும்.

வேக்குவம் பம்ப் வாங்கச் சொன்னது ஆடம்பரத்துக்கு இல்லை. உள்ளே இருக்கும் காற்றில் கால்பங்கை உறிஞ்சி எடுத்தால், அதே கதவின்மேல் மேசையிலேயே 37 கிலோ அளவுக்கு அமுக்கம் வந்துவிடும். அரை மணி நேரம் கழித்தும் அளவு மாறவில்லை என்றால் ஓட்டை இல்லை. தண்ணீரைத் தொடும் முன்பே தெரிந்துவிடுகிறது. கரை அருகே மிதக்கும்போதும் கதவு இறுக்கமாகவே இருக்கும்.

புதுப் பெட்டியை முதல் தடவை கேமரா இல்லாமல் இறக்குங்கள். உள்ளே டிஷ்யூ பேப்பரும், எடைக்கு ஏதாவது ஒன்றும் வைத்து, முழு டைவும் கூட எடுத்துப்போய், எல்லாப் பட்டனையும் கீழே அமுக்கிப் பாருங்கள். பேப்பர் காய்ந்திருந்தால் அடுத்த டைவில் கேமரா. கோர்ஸ் நடக்கும்போது பெரும்பாலான இன்ஸ்ட்ரக்டர்கள் கேமராவை விடமாட்டார்கள், அவர்கள் செய்வது சரி. மூச்சால் மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாமல் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள் முட்டியைப் பவளத்தில்தான் ஊன்றுவார். நம் நாட்டில் பவளமும் கடற்குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை என்பது நினைவிருக்கட்டும்.

படகிலிருந்து கேமராவோடு குதிக்காதீர்கள். நீங்கள் இறங்கிய பிறகு படகுக்காரரைக் கையில் கொடுக்கச் சொல்லி வாங்குங்கள். வாங்கியதும் ஒரு மீட்டர் ஆழத்தில் நின்று பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். வரிசையாகக் குமிழ் வந்தால் மேலே கொடுத்துவிடலாம். கதவு இடுக்கிலிருந்து ஒன்றிரண்டு குமிழ் வந்து நின்றுபோனால் அது வெளியே மாட்டியிருந்த காற்று, கவலை இல்லை. மார்பில் கிளிப் போட்டு மாட்டிவிட்டால் கை ஓயும்போது விடலாம்.

ஆழத்தில் உள்ளே தண்ணீர் தெரிந்தால் போர்ட்டைக் கீழே பார்த்துத் திருப்பிப் பிடியுங்கள், தண்ணீர் கேமரா உடம்புக்குப் போகாமல் முன்பக்கம் தேங்கும். கூட டைவ் வரும் துணைவரிடம் சைகை காட்டிவிட்டு, வழக்கமான வேகத்தில், சேஃப்டி ஸ்டாப்போடு (மேலே வரும் வழியில் சற்று நிற்பது) வாருங்கள். கேமரா நனைந்தால் இன்னொன்று வாங்கலாம், அவசரமாக ஏறி நுரையீரலைக் கெடுத்துக்கொண்டால் முடியாது. மேலே வந்ததும் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மெதுவாகத் திறக்க வேண்டும், ஏனென்றால் உப்புத் தண்ணீர் பட்ட லித்தியம் பேட்டரி வாயு விட்டு உள்ளே அழுத்தம் ஏற்றியிருக்கலாம். பேட்டரியைக் கழற்றுங்கள். வேலை செய்கிறதா என்று ஆன் பண்ணிப் பார்க்காதீர்கள்.

டைவ் முடிந்ததும் நல்ல தண்ணீரில் அரை மணி ஊறட்டும், பூட்டியபடியே. ஊறும்போது ஒவ்வொரு பட்டனையும் பல தடவை அமுக்குங்கள். ஒவ்வொரு பட்டனின் தண்டிலும் ஒரு குட்டி ஓ-ரிங் இருக்கிறது, அங்கே உப்பு காய்ந்து படிகமானால் அடுத்த அமுக்கலில் ரப்பரை அறுக்கும். டைவ் ஷாப்பின் பொதுத் தொட்டியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள், அடுத்தவர் தன் வெயிட் பெல்ட்டை அதன்மேலேயே போடுவார். வெளியே எடுத்துத் துடைத்த பிறகு கதவைக் கீழ்நோக்கிச் சாய்த்துத் திறந்தால் இடுக்கில் இருக்கும் சொட்டு உள்ளே விழாது.

விமானத்தில் வரும்போது பெட்டியைப் பூட்டி அனுப்பாதீர்கள், மேலே காற்றழுத்தம் குறையும்போது உள்ளே அடைபட்ட காற்று கதவை வெளியே தள்ளும். முக்கிய ரிங்கைக் கழற்றிச் சிறு பையில் போட்டுவிட்டுக் கதவை லேசாக மூடினால் போதும். உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும். வீட்டில் மாதக்கணக்கில் வைப்பதானாலும் இதே முறை, பூட்டிய நிலையில் நசுங்கிக் கிடந்த ரிங் தட்டையாகிவிடும். அடிக்கடி டைவ் போனால் வருஷம் ஒன்று மாற்றுங்கள். உதிரி ரிங் இரண்டும் கிரீஸும் ஹவுசிங்கோடு சேர்த்தே ஆர்டர் போட்டுவிடுங்கள். உங்கள் மாடலுக்கான ரிங் ஹேவ்லாக்கில் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது.